பழைய டீசல் பிக்கப்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிந்து நீக்கும் முறை

மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா 207 ஆகியவற்றின் பழைய மாடல்களைப் போல, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப் பொருத்திய வண்டிகளுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் இந்த வகை வண்டி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக என் கையாலேயே பராமரித்து வருகிறேன். அந்த ஆண்டுகளில் நான் வீணாகச் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி, பழுது எங்கே என்று அளந்து பார்க்காமல், சந்தேகப்பட்ட பாகத்தை முதலில் மாற்றியதால் போனது. ஆகவே, ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் சொல்லி, பாகத்தைக் கழற்றும் வேலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். காமன் ரெயில் எஞ்சின் (மின்னணுக் கட்டுப்பாட்டில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புதிய வகை) கொண்ட வண்டி வைத்திருப்பவர்கள், டீசல் குழாய்களை நெகிழ்த்தச் சொல்லும் எந்தப் பகுதியையும் பின்பற்றக் கூடாது. அந்தக் குழாய்களில் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அது உடலைத் துளைக்கும்.

வண்டிக்கு அடியில் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு உரியதல்ல. தூக்கிய பின் சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) கீழே இரும்பு ஸ்டாண்ட் அல்லது கனமான மரக்கட்டை கொடுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை விரிசல் காட்டி எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கிவிடும். கருவிகளில், ரிங் ஸ்பானர் செட், மல்டிமீட்டர், கிரீஸ் கன், ஒரு மீட்டர் நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஆகிய நான்கும் இருந்தால் இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றவில்லை

சாவியைத் திருப்பும்போது எழும் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டக்’ என்று ஒரே ஒரு கனமான சத்தம் கேட்டு நின்றுவிட்டால், செல்ஃப் மோட்டாரின் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டாரின்) சோலினாய்டு (மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை, அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். ‘டகடகடக’ என்று தொடர்ச்சியாகத் துடித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால், இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து சோலினாய்டுக்கு வரும் மெல்லிய ஒயரையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறத்தாழக் காலி. ஆனால் நிற்கும்போது 12.6 காட்டும் பேட்டரிகூடச் சுமையில் படுத்துவிடக் கூடும் என்பதால், வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும் அந்தச் சில நொடிகளில் மீண்டும் அளக்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மறுபடியும் சோதிக்கலாம். அப்போதும் சரிந்தால் அது மாற்ற வேண்டிய பேட்டரி.

அடுத்த சோதனையை நான் மிகத் தாமதமாகவே கற்றேன். ஒரு மழைக்காலத்தில் என் வண்டி காலையில் சோம்பலாகச் சுற்றத் தொடங்கியது. புதுப் பேட்டரி போட்டேன்; இரண்டு நாள் நன்றாக இருந்து மீண்டும் அதே நிலைக்கு வந்தது. பிறகு செல்ஃபைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன், பலனில்லை. கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃபைச் சுற்ற வைத்தபோது, மீட்டர் 1.8 வோல்ட் காட்டியது. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. கியர் பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னலிட்ட எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், லக்குக்கு அடியில் செம்பு முழுவதும் பச்சைப் பூஞ்சை போல உப்புப் பூத்துக் கிடந்தது. அதற்கும் கீழே சேஸிஸில் யாரோ அடித்த கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. எமரி தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை ஒன்றைப் பூட்டி, மேலே கிரீஸ் தடவியதும் செல்ஃப் பழைய வேகத்துக்கு வந்தது. செலவு ஒரு பட்டையின் விலை மட்டுமே.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

டீசல் எஞ்சின் உயிர்பெற மூன்று வேண்டும்: டீசல், காற்று, அந்தக் காற்றை அழுத்திச் சூடேற்றும் கம்ப்ரஷன். எது இல்லை என்பதைச் சைலன்ஸர் சொல்லிவிடும். செல்ஃபைப் பத்து நொடி சுற்றவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. நடைமுறையில் பத்தில் எட்டு முறை இரண்டாவதுதான் நடக்கும் என்பது என் அனுபவம். செல்ஃபை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் சுற்றவிடாமல், ஒவ்வொரு முறைக்கும் இடையில் அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும். இல்லையென்றால் டீசல் பிரச்சினையைத் தேடப்போய்ச் செல்ஃப் மோட்டாரையும் எரித்துவிடுவோம்.

புகை வராத வண்டியில் முதலில் எஞ்சினை நிறுத்தும் ஏற்பாட்டைப் பாருங்கள். கேபிள் இழுத்து நிறுத்தும் வண்டியானால், கேபிள் துருப்பிடித்து நிறுத்தும் நிலையிலேயே சிக்கியிருக்கலாம். பம்பின் மேலுள்ள நெம்புகோலைக் கையால் தள்ளிப் பார்த்தால் தெரியும். சோலினாய்டு வகையானால், சாவியை ஆன் செய்யும்போது பம்பின் அருகே ஒரு சிறு ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அதன் ஃபியூஸையும் ஒயரையும் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், அடுத்து ஏர் லாக்கை, அதாவது டீசல் பாதையில் காற்று அடைத்து நிற்பதை, சந்தேகிக்க வேண்டும். காற்று எப்படி உள்ளே புகுகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் அதை நிரந்தரமாக நீக்க முடியும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சிப் பெரிய பம்புக்கு அனுப்பும் சிறு பம்ப்) வரையுள்ள பாதையில் டீசல் உறிஞ்சப்படுகிறது. ஆகவே அந்தப் பாதையில் உள்ள ஓட்டை டீசலை வெளியே சொட்டவிடாது, காற்றை உள்ளே இழுக்கும். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லையே என்று நாம் ஏமாறுவது இதனால்தான். இரவில் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயிலுள்ள டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் கைப்பம்பை (கையால் அடித்து டீசல் ஏற்றும் சிறு பம்பை) அடித்தால்தான் எஞ்சின் எடுக்கிறது, பகல் முழுவதும் ஒரே சுற்றில் எடுக்கிறது என்றால், நோய் இதுவே.

இதை உறுதிப்படுத்த, ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கிளிப் போட்டு மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வண்டியில் டீசல் தேன்நிறத்தில் அசைவே தெரியாமல் நிற்பது போலத் தோன்றும். காற்று இழுக்கும் வண்டியில் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அவை ஒன்று சேர்ந்து உளுந்தளவுக்குப் பருக்கும். குமிழி தெரிந்தால் குற்றம் அந்த இடத்துக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கிறது. குழாயை டேங்க் பக்கமாக ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தி மாட்டிக்கொண்டே போனால், எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழி மறைகிறதோ அந்த இணைப்புத்தான் குற்றவாளி. பெரும்பாலும் வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், பலமுறை முறுக்கித் தட்டையான செம்பு வாஷர் ஆகிய மூன்றில் ஒன்றாகவே அது இருக்கும். செம்பு வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுவதே நல்லது. இந்த இடத்தில் குமிழியே இல்லாமல் வண்டி காலையில் மட்டும் தகராறு செய்தால், கைப்பம்பின் பிஸ்டனைச் சந்தேகியுங்கள். அதன் உள் ரப்பர் தேய்ந்துவிட்டால், இறுக்கமாகத் திருகி வைத்திருந்தாலும் காற்று விடும்.

ஓட்டையை அடைத்த பிறகு காற்றை வெளியேற்றும் வரிசையை மாற்றக் கூடாது. டேங்க் பக்கத்திலிருந்து எஞ்சினை நோக்கி வர வேண்டும். டீசல் ஃபில்டர் தலையிலுள்ள பிளீடர் போல்ட்டைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்குங்கள். அடுத்துப் பம்பின் பிளீடரில் அதையே செய்யுங்கள். அதன்பிறகும் எடுக்கவில்லையென்றால், நாசில்களில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனைகளில்) உள்ள குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃபைச் சுற்றவிட்டு, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இந்த வேலையின்போது கண்ணாடி அணிந்து, மேலே தடித்த துணியைப் போட்டு, விரலை அந்த நட்டுக்கு அருகே கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். மெக்கானிக்கல் பம்பிலும் நாசில் குழாயில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் உண்டு. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலுக்குள் புகுந்தால் வெளியே ஊசிமுனை அளவு காயம்தான் தெரியும். உள்ளே திசு அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால், வலியில்லை என்று காத்திருக்காமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

வெண்புகை வந்தும் பிடிக்காத வண்டியில், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் இரவில் ஃபில்டரின் அடியில் தங்கிவிடும். ஆகவே காலையில் வண்டியை எடுக்கும் முன், அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் ஒரு தம்ளர் அளவு பிடித்து வைத்தால், அடியில் தண்ணீர் கோடு பிரிந்து நிற்பது தெரியும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைச் செய்கிறேன். தண்ணீர் இல்லாமலும் வெண்புகை தொடர்ந்தால், டேப்பட் இடைவெளி, பம்ப் டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றுக்கு வேலை போகிறது. டேப்பட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்து நாமே சரிசெய்யலாம். பம்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அதற்குரிய சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைகிறது

புறப்படும்போது நன்றாக ஓடி, முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து, நிறுத்தி வைத்தால் மீண்டும் சரியாகும் வண்டியில், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியின் சுவாசத் துளை புழுதியால் அடைபட்டு, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசலை வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் போதும். மூடி சரியாக இருந்தால் டீசல் ஃபில்டரையும், டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள வலையையும் பார்க்க வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே இழுவை இல்லாமல் கரும்புகை கக்கினால் குறை காற்றில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போ உள்ள வண்டியில், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருக்கலாம். அந்தக் கிழிசல் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே இருக்கும். கையால் சுற்றித் தடவினால் எண்ணெய்ப் பிசுக்குப் படியும் இடம் அதுதான். காகித ஃபில்டரை ஊதும்போது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய காற்றால் ஊத வேண்டும். எண்ணெய்த் தொட்டி கொண்ட பழைய வகையானால், தொட்டியின் அடியில் சேறு விரல் நுனி அளவு படிந்ததும் எண்ணெயை மாற்றிக் கோடு வரை நிரப்புங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி, நிறுத்த முடியாத வேகத்தில் சுற்றக்கூடும்.

வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் சீரில்லாமல் நொண்டினால், நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

சூடு எப்போது ஏறுகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். நெரிசலிலும் நின்ற இடத்திலும் மட்டும் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டால், ஓட்டத்தில் கிடைக்கும் காற்றே ரேடியேட்டருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆக, ஃபேன் வேலை செய்யவில்லை. ஃபேனைச் சுற்றும் பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதிகம் போனால் பெல்ட் வழுக்குகிறது. இதற்கு மாறாக, நின்ற இடத்தில் சரியாக இருந்து வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால், ரேடியேட்டரே வெப்பத்தைக் கழிக்க முடியாமல் திணறுகிறது. புறப்பட்ட ஐந்து பத்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வ்) மூடியபடி சிக்கியிருக்கிறது.

ரேடியேட்டரின் வெளிப்புறத்தை முதலில் கழுவுங்கள். பருத்திப் பஞ்சு, வைக்கோல் தூசி, பூச்சி எல்லாம் முன்பக்கத் தகடுகளில் அப்பிக்கொள்கின்றன. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் அடித்தால் வந்த வழியே வெளியேறும்; முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய்த் திணித்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் அழுத்தத்தில் தகடுகள் மடங்கிவிடும் என்பதால் அதை இங்கே தவிர்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடியாகவே பலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் கொதிக்கும் அளவை உயர்த்துகிறது. 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால், கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை தாங்கும். மூடி பழுதானால் அந்தப் பதினெட்டு டிகிரியும் போய்விடும். கொடைக்கானலைப் போல 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்குச் சுமை ஏற்றிப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். பழநியிலிருந்து மலை ஏறும் வண்டிகள் பாதி வழியில் பானட்டைத் தூக்கி ஆவி கக்கிக்கொண்டு நிற்பதைக் காணும்போது, நான் முதலில் நினைப்பது அந்த மூடியைத்தான். ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, அதே எண் பொறித்த புதிய மூடியைப் போடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கையால் மேல் ஹோஸை அழுத்தி, அது தளர்வாக இருந்தால் மட்டுமே துணி போட்டுத் திறக்கலாம்.

தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, அதைக் கழற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்துச் சூடேற்றுங்கள். அதன் மேலே பொறித்திருக்கும் வெப்பநிலையை அடையும்போது திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பழுதான தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஒன்றுமே போடாமல் ஓட்டுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பைபாஸ் வழி உள்ள எஞ்சினில் இன்னொரு கெடுதலும் உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸை அடைக்கும்; அதை எடுத்துவிட்டால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பி, கடும் சுமையில் சூட்டை மேலும் ஏற்றும்.

வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டை) சோதிக்க வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் வரும் ஓரிரு குமிழிகளைப் பொருட்படுத்த வேண்டாம். நிற்காமல் தொடர்ந்து குமிழி வந்தால், சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. அந்த வண்டியை ஒரு நடைகூட ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் மட்டம் பார்த்து, கேஸ்கட் மாற்றுவதே வழி. ஹெட் போல்ட்டுகளைக் கையேட்டிலுள்ள வரிசையிலும் முறுக்கு அளவிலும் டார்க் ரெஞ்சால் மட்டுமே இறுக்க வேண்டும்.

சூடேறிய எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது ஹெட்டை வெடிக்க வைக்கும். ரேடியேட்டரில் நிரப்ப, போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். குடத்தின் உட்பக்கத்தில் படியும் அதே வெள்ளை உப்புத்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிகிறது.

புகையின் நிறமும் எண்ணெயின் அளவும்

கரும்புகை பற்றி மேலே சொல்லிவிட்டேன். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் எடுத்ததும் ஒரு கொத்து நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வ் சீல் கசிகிறது; அதை வைத்துப் பல மாதம் ஓட்டலாம். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ சீல். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், மெல்லிய ஆவிக்குப் பதிலாக விட்டுவிட்டு வேகமாகக் காற்று அடித்தால் ரிங் போய்விட்டது.

ஆயில் அளவு குறைவதைவிட ஏறுவது அபாயகரமானது. டிப்ஸ்டிக்கில் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்ப் அல்லது பெரிய டீசல் பம்பின் சீல் வழியாக டீசல் சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்) இறங்குகிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காக்காது. ஏறியிருக்கும் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் காரணத்தை நீக்கி ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பிரேக்கில் மாற்றம் தெரிகிறது

இந்த ஒரு பகுதியில் மட்டும், சந்தேகம் எழுந்தாலே வண்டியை நிறுத்திவிடுங்கள். பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால் கெட்டியானால், லைனில் காற்று இருக்கிறது அல்லது லைனிங் இடைவெளி கூடிவிட்டது. அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு இல்லாத நிலையில், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. பெடல் கல்லைப் போலக் கடினமானால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் வேக்குவம் (வெற்றிடம்) இல்லை. எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து முறை அடித்துக் கடினமாக்கி, அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுத் தாழ வேண்டும். தாழவில்லையென்றால் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் வேக்குவம் பம்பையும் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பலவற்றில் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருந்தியிருக்கும். எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டிய மறுநாள் பிரேக் கடினமானால், அங்கே வரும் ஆயில் குழாயும் வேக்குவம் ஹோஸும் சரியாகப் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அதன் வீல் சிலிண்டரோ காலிப்பரோ சிக்கியிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் பிடிக்கவில்லை; டிரம்மைக் கழற்றினால் ஆக்ஸில் சீல் வழியாக வந்த கிரௌன் ஆயில் (பின் ஆக்ஸிலின் கியர்களுக்கான ஆயில்) லைனிங்கில் ஊறியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீண்டும் போடுவது நடக்காத வேலை. சீலை மாற்றி, இரு பக்கத்துக்கும் புது லைனிங் போட வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு அந்த அளவுகள் 230-ம் 155-ம் ஆகும். மலையிலிருந்து சுமையுடன் இறங்கும்போது டிரம் அந்தச் சூட்டை எட்டினால், ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரைக்குப் போய்விடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். காற்றெடுக்கும்போது, கையேடு வேறு வரிசை சொல்லாதவரை, மாஸ்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். ரப்பர் பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவினால் உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய உதிரிப்பாகங்களை நானும் தேடி வாங்கியிருக்கிறேன். கதவு, விளக்கு, கியர் பாக்ஸ் மூடி வரைக்கும் அது சரி. பிரேக், ஸ்டீயரிங் பாகங்களைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கிளட்ச் வழுக்குகிறது அல்லது கியர் விழவில்லை

ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லையென்றால், சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கியர் பாக்ஸை இறக்கும் முன் பெடலில் ஃப்ரீ பிளே (தொடக்கத்தில் தளர்வாக அமுங்கும் சிறு இடைவெளி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நல்ல பிளேட்டும் வழுக்கும். கியர் விழாமல் கரகரத்தால் ஹைட்ராலிக் வகையில் கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடியிலிருந்து சத்தமும் அதிர்வும் வருகின்றன

வண்டி நகரும் கணத்திலும் ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும் கணத்திலும் ‘டங்’ என்று கேட்டால், பிராப்பெல்லர் ஷாஃப்டின் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்) யூ ஜாயின்ட் கிராஸ் ஆடுகிறது. நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். கழற்றும் முன் ஷாஃப்டின் இரு பாதிகளிலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் குறி இட்டுக்கொள்ளுங்கள். இருமுனை யோக்குகளும் அதே நேரில் திரும்பப் பூட்டப்படாவிட்டால், புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இருக்கையில் அதிர்வு தெரிந்தால் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள். வேகத்தோடு ஏறும் ஒரே சீரான இரைச்சல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறு பக்கம் குறைந்தால், அது வீல் பேரிங். கிரீஸ் நிப்பிள்களுக்கு மாதம் ஒருமுறை பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடித்தால், இந்தப் பகுதியில் சொன்ன பழுதுகளில் பல வரவே வராது.

ஸ்டீயரிங் ஆடுகிறது, வண்டி சாய்ந்து நிற்கிறது

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீல் பேரிங், அல்லது வண்டியின் வகைக்கேற்பக் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்ட். இவற்றைச் சரிசெய்யாமல் வீல் அலைன்மென்ட் பார்ப்பது பணத்தை வீணாக்கும்.

காலியாக நிற்கும்போதே பின்பக்கம் ஒரு புறம் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முறிவு பெரும்பாலும் யூ போல்ட்டுக்கு அருகிலோ, நடுவிலுள்ள சென்டர் போல்ட் துளையிலோதான் இருக்கும். புழுதிக்கடியில் செந்துருக் கோடு மெல்லியதாகத் தெரிந்தால் அங்கே பட்டை ஏற்கெனவே விண்டிருக்கிறது. பட்டை மாற்றி யூ போல்ட் பூட்டிய வண்டியைச் சுமையுடன் ஓரிரு நாள் ஓட்டியபின் அந்த நட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். முறுக்காமல் விட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது பின்னாலிருந்து பார்ப்பவருக்கு வண்டி நண்டு நடப்பதைப் போலக் கோணலாக ஓடுவது தெரியும்.

உரமூட்டை, உப்பு, கருவாடு ஏற்றியிருந்தால், சாய்வுக்குக் காரணம் பட்டையாக இல்லாமல், பட்டை மாட்டியிருக்கும் சேஸிஸ் ஹேங்கராகவும் இருக்கலாம். அந்த இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு நன்றாக இருக்கிறது. மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால், அந்தச் செதிலை எல்லாம் சுரண்டி எடுத்து, எஞ்சிய தடிமனை அளந்து, வெல்டிங் பட்டறையில் தகடு கொடுத்துப் பலப்படுத்தும்வரை வண்டியில் சுமை ஏற்றக் கூடாது.